முசோலினி நடந்து வந்தாரா, ரயிலில் வந்தாரா?

பொடிமட்டை: "1922இல் இத்தாலியில் முசோலினி தன் பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைப் படையோடு ரோமுக்கு நடந்தே போய் ஆட்சியைப் பறித்தார்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. நடந்தா? மன்னர் ஆட்சி அமைக்கக் கூப்பிட்ட பிறகு, மிலானில் ராத்திரி ரயில் ஏறி, படுக்கைப் பெட்டியில் தூங்கிக்கொண்டே அக்டோபர் 30 காலை ரோமில் வந்து இறங்கிய மனிதர் அவர்.

மழைக்காகம்: அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். தலைவர் எதில் வந்தால் என்ன? ஆயிரக்கணக்கான பேர் ரோமைச் சுற்றி நின்றதால்தான் மன்னர் கூப்பிட்டார்.

பொடிமட்டை: நின்றார்கள், கொட்டும் மழையில். பலர் கையில் துப்பாக்கிகூட இல்லை, தடிதான். ரோமில் ராணுவம் சுமார் 28 ஆயிரம். பிரதமர் ஃபாக்டா, படையைத் தடுக்க ராணுவச் சட்ட ஆணையைத் தயார் செய்து, சுவரில் ஒட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். 28ஆம் தேதி காலை மன்னர் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். அவ்வளவுதான் உங்கள் படையெடுப்பு.

தெற்குவீதி: முதலில் பாசிசம் என்றால் என்ன என்று ஒரு வரையறை வைத்துக்கொண்டு பேசலாமே?

பொடிமட்டை: அது அப்புறம். ரயிலுக்குப் பதில் வரட்டும்.

கருவேலம்: இரண்டு பேரும் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியை மறந்துவிட்டீர்கள். 1920 கடைசியிலிருந்தே அங்கே பாசிஸ்டுகள் தொழிற்சங்கக் கட்டடங்களைக் கொளுத்தினார்கள். சோசலிஸ்டுகளைப் பிடித்து வாயில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். பண்ணையார்கள் காசு கொடுத்தார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது. ரயில் டிக்கெட்டை வைத்தா வரலாறு எழுதுவது?

பொடிமட்டை: விளக்கெண்ணெயை யார் இல்லை என்றார்கள்? 1921 தேர்தலில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தது 535இல் 35 இடம். ஆனால் 1922 நவம்பரில் அதே நாடாளுமன்றத்தில் 306 பேர் நம்பிக்கை வாக்குப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 116. கிழட்டு லிபரல்கள் பழம் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள் ஐயா! கொடுத்ததை வாங்க ரயிலில் வந்தார்.

மழைக்காகம்: திரும்பவும் ரயில்! போன மாதம் ஸ்பெயினின் குவெர்னிகா ஊர் மீதான குண்டுவீச்சு 1936 என்று இவர் எழுத, நான் 1937 என்று திருத்தினேன். அன்றிலிருந்து என் பதிவு எதைப் பார்த்தாலும் இவருக்குக் காய்ச்சல்.

பொடிமட்டை: அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன். எண் தவறினால் பிழை. நீங்கள் எழுதியது கற்பனை.

மழைக்காகம்: 31ஆம் தேதி படை ரோமுக்குள் மன்னர் மாளிகை வழியாக அணிவகுத்ததே, அது நடை இல்லையா?

பொடிமட்டை: நடைதான், அவர் பிரதமரான பிறகு! அது முடிந்ததும் சிறப்பு ரயில்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாருங்கள், அவர்களுக்கும் ரயில்தான்.

கருவேலம்: பாசிஸ்டுகளை எதிர்த்த சோசலிஸ்ட் எம்.பி. மாத்தியோத்தியை 1924இல் கொன்றதும் ரயிலிலா சார்?

பொடிமட்டை: காரில் கடத்தினார்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

தெற்குவீதி: வரையறை கேட்டிருந்தேன்...

மழைக்காகம்: என் பதிவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

பொடிமட்டை: எழுத்தை மாற்ற வேண்டாம். அந்த "நடந்தே"வை மட்டும் எடுத்துவிடுங்கள்.