புதுப்பிப்பு: டெல்லிக் குளிரில் ட்ரோன் ஓட்டும்போது விரல் விறைப்பது – தீர்ந்தது

ஜனவரிக் காலையில் ட்ரோன் ஓட்டினால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துப்போகிறது, ரிமோட்டின் ஸ்டிக்கை எவ்வளவு தள்ளுகிறேன் என்றே தெரியவில்லை, என்ன செய்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டெல்லிக்குள் பெரும்பாலும் தடை. அதனால் அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம்தானா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதிதானா) என்று பார்த்துக்கொண்டு, ஞாயிறு விடியலில் ஹரியானா பக்கம் ஒரு கடுகு வயலுக்குப் போனேன். 6 டிகிரி.

தடித்த கம்பளிக் கையுறை சரிப்படவில்லை. ஸ்டிக் நுனியே விரலுக்குத் தட்டுப்படவில்லை. கைகொடுத்தது இங்கே பதில் சொன்ன டெல்லி மயூர் விஹார் அண்ணாவின் வழிதான்: மெல்லிய கையுறையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு, இரும்புத்தூள் அடைத்த சூட்டுப் பொட்டலத்தை மணிக்கட்டின் உட்புறம், நாடி துடிக்கும் இடத்தில், கையுறைக்கு மேல் தளர்வாகக் கட்டுவது. பொட்டலத்தின் வெளியுறையை மட்டும் கால் மணி நேரம் முன்பே பிரித்துவிடுங்கள். காற்றுப் பட்டால்தான் இரும்புத்தூள் சூடாகும். இறுக்கி மூடினால் ஆறிவிடும்.

எதிர்பாராதது கால். பனியில் நனைந்த வரப்பில் நின்றே பாதம் விறைத்துவிட்டது. காரில் கிடந்த அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டு அதன்மேல் நின்றேன், சரியாகிவிட்டது.

பேட்டரியைச் சட்டைக்குள் வைத்திருந்ததும் நல்லதாயிற்று. வெளியே பையில் கிடந்ததில் வோல்டேஜ் சீக்கிரமே சரிந்தது.

அப்புறம், திரும்பியதும் ட்ரோனை உடனே வெளியே எடுக்காதீர்கள். கார் ஹீட்டர் சூட்டில் லென்ஸ் முழுக்க நீர் படிந்துவிட்டது. மூடிய பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள்.