பொருள்: ‘அன்ரிஸ்டோர்ட்’ காருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

உரைபெயர்ப்பு, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார் ஒன்றை வாங்கி, அதைப் புதிதுபோல் ஆக்காமல், உள்ளபடியே வைத்துக்கொண்டு தினமும் ஓட்டுவது எப்படி என்று ஒரு கையேடு, தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 40 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேலை முடிந்த மாதிரிதான், மூன்று சொற்களில் மட்டும் வண்டி நிற்கிறது.

முதலாவது அன்ரிஸ்டோர்ட். ‘புதுப்பிக்கப்படாத’ என்று போட்டு வைத்திருக்கிறேன். திரும்பப் படித்தால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தவர் கதைபோல இருக்கிறது.

இரண்டாவது பேட்டினா. பெயிண்ட், தோல் இருக்கை, குரோமியப் பூச்சு எல்லாவற்றிலும் வயது ஏறி வருமே, அந்தத் தோற்றம்.

மூன்றாவது டெய்லி டிரைவர், தினமும் எடுத்து ஓட்டுகிற வண்டி. இயந்திர மொழிபெயர்ப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். “உங்கள் தினசரி ஓட்டுநருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுங்கள்” என்று வந்தது.

உதவுங்கள்.


வேர்தேடி, திங்கள் இரவு

நல்ல கேள்வி. ‘புதுப்பிக்கப்படாத’ என்பதில் பத்து எழுத்து, ஒரு ‘படு’. இந்தப் ‘படு’ நம் உரைநடையைப் படுத்துகிற பாடு பற்றி முன்பே மூன்று மடல் எழுதியிருக்கிறேன்.

தமிழில் இதற்கு வழி இருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக் காசு, வாடா மலர், பொய்யா மொழி. புதுக்கு என்ற வினை நம்மிடம் உண்டு. ஆகவே ‘புதுக்காக் கார்’. வல்லினம் மிகும் என்பதை நினைவூட்டத் தேவையில்லை.


எழுத்தெண்ணி, திங்கள் இரவு

> ஆகவே ‘புதுக்காக் கார்’

ஐயா, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் காக்கா வந்து உட்கார்ந்துவிட்டது.


வேர்தேடி, திங்கள் நள்ளிரவு

காக்கைக்கு அஞ்சி இலக்கணத்தைக் கைவிட முடியாது. இருந்தாலும் சரி, ‘ஊர்தி’ என்று வையுங்கள். உடம்படுமெய் பெற்றுப் ‘புதுக்காவூர்தி’ ஆகும்.


எழுத்தெண்ணி, செவ்வாய் காலை

புதுக்காவூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

என் பங்குக்கு ஒன்று: யாரும் தொடாததால் ‘தீண்டா வண்டி’. சுருக்கம். காக்காவும் இல்லை.


கரும்பலகை, செவ்வாய் காலை

வேண்டாம். அந்த வினையின் எதிர்மறை இந்த மொழியில் யாரைக் குறித்து வழங்கியது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு காரின் பெயிண்ட்டைப் பாராட்ட அதை எடுத்து வைத்தால் நான் அதை வகுப்பில் சொல்ல மாட்டேன்.


எழுத்தெண்ணி, செவ்வாய் காலை

சரிதான் அம்மா. யோசிக்காமல் எழுதிவிட்டேன். திரும்பப் பெறுகிறேன்.


அச்சாணி, செவ்வாய் இரவு

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி. இது என் பிழைப்பு என்பதால் எழுதுகிறேன்.

பட்டறையில் இதற்குச் சொல் தேடி யாரும் அலைவதில்லை. ‘கை வைக்காத வண்டி’ என்போம், எல்லாருக்கும் புரியும். ஆனால் இந்தக் கையேட்டுக்கு அது ஆகாது. நிஜமாகவே யாரும் கை வைக்காத பழைய காரைத் தினமும் ஓட்டினால் உயிர் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே உப்பி வழி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் அழுத்தத்தில் போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. வண்டியை நிறுத்திக் கையால் தொட்டுப் பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் சுடும். பல வருஷம் நின்ற வண்டியை எடுத்தால் முதலில் ஹோஸ், டயர், பெட்ரோல் டேங்க். இதையெல்லாம் மாற்றாமல் ‘கை வைக்காதது’ என்று பெருமைப்பட்டுப் பயனில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் பழைய ரப்பர் குழாயும் வாஷரும் இளகிப்போகும், அதற்குத் தாங்குகிற ரகமாகப் பார்த்து மாற்ற வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த இன்ஜினாக இருந்தால் வால்வ் சீட்டும் தேயும்.

அப்புறம் எதைத்தான் தொடக் கூடாது? மேனியை. கம்பெனியில் அடித்த முதல் பெயிண்ட், முதலில் தைத்த இருக்கை, கண்ணாடியைச் சுற்றின ஓரம். இவை ஒருமுறை போனால் போனதுதான். ஹோஸ் நாளைக்கும் வாங்கலாம்.

என் வண்டியில் ஓட்டுநர் பக்கக் கதவின் மேல்விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் போய், அடிப்பூச்சின் செம்பழுப்பு தெரியும். அதன் நடுவில் வெறும் தகடு, ஒரு ரூபாய்க் காசு அகலம். கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்து ஓட்டிய யாரோ ஒருவர் வருஷக்கணக்காகத் தேய்த்தது. துரு இல்லை, ஏனென்றால் இப்போது என் முழங்கை அங்கே இருக்கிறது. மாதம் ஒருமுறை மெழுகு பூசுவேன். டிங்கரிங் செய்கிற நண்பர் வரும்போதெல்லாம் “இதை மட்டும் தொட்டு விடட்டுமா” என்பார். விடுவதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று, கையேட்டில் இல்லாவிட்டால் சேருங்கள்: மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். பட்டி பார்த்த இடத்தில் பிடிக்காமல் வழுக்கும். ‘ஒரிஜினல் பெயிண்ட்’ என்று சொல்லி விற்கிற பல வண்டிகளின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சொல்லைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ‘முதல் மேனி’ என்று தோன்றுகிறது.


வேர்தேடி, செவ்வாய் நள்ளிரவு

அச்சாணியின் மடலைவிட அவர் புனைபெயர் என்னை இழுத்துவிட்டது. புறநானூறு 102-இல் உப்பு வணிகரான உமணர் வண்டிக்கு அடியில் ஓர் அச்சைக் கட்டிச் செல்கிறார்கள், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று. சேமவச்சு. உதிரி பாகத்துக்கு உலக மொழிகளில் இவ்வளவு பழைய சொல் எத்தனை இருக்கும்? நாமோ இன்றைக்கு ‘ஸ்டெப்னி’ என்கிறோம். அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904 வாக்கில் அங்கே செய்த மாற்றுச் சக்கரம் உலகமெங்கும் போய், தெருப்பெயர் நம் ஊர்திக்குப் பின்னால் தொங்குகிறது. சேமச்சக்கரம் என்று நாளையிலிருந்தே சொல்லத் தொடங்கலாம்.


உரைபெயர்ப்பு, புதன் காலை

ஐயா, ஸ்டெப்னி என் பட்டியலிலேயே இல்லை.

அச்சாணிக்கு நன்றி. அவர் சொன்ன பிரிவைத்தான் கையேடும் வேறு பாஷையில் சொல்கிறது. பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனத்தை எடுத்தாள்கிறார்கள். கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது அது. பிரிசர்வேஷன், கான்சர்வேஷன், ரெஸ்டோரேஷன் மூன்றையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. கெடாமல் கவனிப்பது ஒன்று. கெடுவதை நிறுத்த அளவாகக் கை வைப்பது ஒன்று. போனதைத் திரும்ப வைத்து முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது ஒன்று. முதல் இரண்டுக்கும் நான் ‘பாதுகாப்பு’ என்று போட்டிருந்தேன், பிரேக் அதிகாரத்தில் சேஃப்டிக்கும் அதே ‘பாதுகாப்பு’. ஒரு பக்கத்தில் ஏழு பாதுகாப்பு. பேணல், காத்தல், மீட்டல் என்று மாற்றிவிட்டேன். மறுப்பு இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

டெய்லி டிரைவர் ‘அன்றாட வண்டி’. இதற்கு யாரும் சண்டை போட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.


கரும்பலகை, புதன் காலை

அன்றாட வண்டி நன்று. ‘பழங்கார்’ எனக்குச் சிரிப்பு வருகிறது, பழம் ஏற்றின கார்போல.


வேர்தேடி, புதன் பகல்

சிரிக்க வேண்டாம் அம்மா. விண்டேஜ் என்பதே திராட்சை அறுவடை. இலத்தீனில் விண்டேமியா. திராட்சைத் தோட்டச் சொல்லை எடுத்துத்தான் 1919 முதல் 1930 வரை செய்த கார்களுக்கு வைத்தார்கள். நம் ‘பழம்’ பழமைக்கும் கனிக்கும் ஒருங்கே நிற்கிறது. பழு என்ற ஒரே வேரில் பழம், பழுப்பு, பழமை, பழுது. கனி பழுக்கிறது, இலை பழுக்கிறது, கருவி பழுதாகிறது. பேட்டினாவுக்குச் சொல்லை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.


எழுத்தெண்ணி, புதன் பகல்

ஒலி ஒத்தால் வேர் ஒன்றா ஐயா? அப்படியானால் காரும் கார்காலமும் உறவு, மழையில் என் வண்டி கிளம்பாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பேட்டினாவுக்குக் ‘களிம்பு’ எப்படி? செம்பில் ஏறுகிற பச்சை. ஆங்கிலச் சொல்லும் முதலில் உலோகத்தின்மேல் ஏறும் பச்சைக்குத்தான் வழங்கியது.


கரும்பலகை, புதன் மாலை

செம்பில் களிம்பு சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை. உயிரோடு ஒட்டியே கிடப்பது, போக்க வேண்டியது. இங்கே போக்கக் கூடாதது வேண்டும். அதோடு இன்றைக்குக் களிம்பு என்றால் மருந்துக் கடையில் குழாயில் வருவது. களிம்பு தடவிய கார் என்று மாணவர் படம் வரைவார்கள்.

அச்சாணியின் கதவைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தேய்ந்து தேய்ந்து வந்த மெருகு. வினைத்தொகையாகத் ‘தேய்மெருகு’ என்றால் என்ன? வேர்தேடிக்கும் பிடிக்கும், எட்டாம் வகுப்புக்கும் புரியும்.


அச்சாணி, புதன் இரவு

அருமை டீச்சர். ஒரே குறை. வெயிலில் வெளிறி, விரல் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிற பெயிண்டும் பேட்டினாதான். அதில் மெருகு எங்கே?


கரும்பலகை, புதன் இரவு

எல்லாவற்றையும் ஒரு சொல் சுமக்காது. ஆங்கிலத்தில் அது சமையல் தட்டிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை.


உரைபெயர்ப்பு, வியாழன் இரவு

கை தூக்கியவர்களை எண்ணினேன். தேய்மெருகுக்கு ஆறு, எதிர்ப்பு இரண்டு. அன்ரிஸ்டோர்ட்டுக்கு ‘முதல்மேனி’ ஏழு, ‘புதுப்பிக்காத’ நான்கு, புதுக்காவூர்தி ஒன்று. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

தலைப்புகளில் ‘முதல்மேனி வண்டி’. உள்ளே முதலில் வருமிடத்தில் மட்டும் ‘புதுப்பிக்காமல் வைத்திருக்கும்’ என்று விளக்கம். வெளிறிய பெயிண்டுக்கு ‘வெளிறிய பெயிண்ட்’. அச்சாணியின் காந்தம் 6-ஆம் பக்கத்தில் ஏறிவிட்டது. நாளைக் காலை அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.


வேர்தேடி, சனி அதிகாலை

அச்சுக்குப் போயிருக்கும் என்று தெரியும். இருந்தாலும் பதிவுக்காக.

லகர ஈற்றின்முன் மகரம் வந்தால் னகரமாகும். கல்லும் மலையும் கன்மலை, சொல்லும் மாலையும் சொன்மாலை. ஆகவே அது ‘முதன்மேனி’. ‘முதல்மேனி’ என்று அச்சிட்டால் தேடுவதற்கு எளிது என்று எழுத்தெண்ணி தனிமடலில் வாதாடினார். தேடுபொறிக்காகப் புணர்ச்சியை விட்டால் அடுத்து எதை விடுவோம் என்று அவருக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், விரும்புவோருக்கு அனுப்புகிறேன்.

சேமச்சக்கரத்தைப் பற்றி யாருமே ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.