மறு: முறிமருந்துகளை ஒப்பிடும் விகிதத்துக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சயனைடு ஆய்வுக் கட்டுரைகளுக்கான சொற்பட்டியலில், நஞ்சை முறிக்கும் மருந்துக்கு (antidote) பலர் 'மாற்று மருந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். அது மாற்று மருத்துவத்தை நினைவூட்டுகிறது. 'விஷமுறிவு' என்றாலோ பாம்புக்கடிதான் முதலில் வருகிறது. 'முறிமருந்து' போதும், அதையே வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது 'காப்பு விகிதம்'. மருந்து பெற்ற விலங்குகளில் பாதியைக் கொல்லும் சயனைடு அளவை, மருந்து பெறாதவற்றில் பாதியைக் கொல்லும் அளவால் வகுத்தால் கிடைப்பது இது. விகிதம் 3 என்றால், மருந்து பெற்ற கூட்டத்தில் பாதி சாக மும்மடங்கு நஞ்சு வேண்டும். சரி, ஆனால் மருந்து எப்போது கொடுக்கப்பட்டது? சில ஆய்வுகளில் நஞ்சுக்கு முன்பே ஏற்றிவிடுகிறார்கள். சிலவற்றில் விலங்கின் மூச்சு நின்ற பிறகு.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் ஏமாறுவார். தயோசல்பேட் என்ற முறிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோடனேஸ் நொதி அதிலுள்ள கந்தகத்தைக் கொண்டு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றும். அது சிறுநீரில் வெளியேறும். ஆனால் அந்த நொதி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது, தயோசல்பேட்டோ உள்ளே எளிதில் நுழையாது. அதனால் முன்கூட்டிக் கொடுத்தால் நன்றாகத் தெரியும் மருந்து, அவசரத்தில் பின்தங்கலாம். ஹைட்ராக்சோகோபாலமின் என்ற இன்னொரு முறிமருந்து அப்படியல்ல. இரத்தத்திலேயே சயனைடை நேரடியாகப் பற்றி, வைட்டமின் பி12-இன் ஒரு வடிவமாகிவிடும். மூன்றாவது முறிமருந்தான நைட்ரைட், இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்காத மெத்ஹீமோகுளோபினாக்கி அதன்மூலம் சயனைடை ஈர்க்கிறது. ஆனால் அந்த அளவுக்கு ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும், இரத்த அழுத்தமும் இறங்கும். தீப்புகையில் சிக்கி, கார்பன் மோனாக்சைடும் உள்ளே போனவருக்கு இது ஆபத்து.

ஆகவே முன்னால் கொடுத்தால் 'காப்பு விகிதம்', பின்னால் கொடுத்தால் 'முறிதிறன் விகிதம்' என்று பிரிக்கலாம் என்பது என் பரிந்துரை. நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் சேரும்போது தனித்தனிப் பலன்களின் கூட்டலை மிஞ்சுவதை 1930-களில் நாய்களில் காட்டினார்கள். அதற்குக் 'கூட்டுவலு' பொருந்தும். நாய்களுக்கு ரோடனேஸ் குறைவு என்பதால், அவற்றில் கிடைத்த எண்ணை எலியின் எண்ணோடு அப்படியே வைத்துப் பார்க்க முடியாது.

அப்புறம், 'விலங்கு விதி' வேண்டாமே! மனிதரிடம் சோதிப்பது அறமாகாத இடத்தில் விலங்குச் சான்றைக் கொண்டு மருந்தை அங்கீகரிக்கும் அமெரிக்க விதி அது. 2006-இல் ஹைட்ராக்சோகோபாலமின் அந்த வழியில்தான் அங்கீகாரம் பெற்றது. 'விலங்குச் சான்று விதி' என்றால் குழப்பமில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள், முக்கியமாக 'முறிதிறன்' பற்றி. 'முறிவலு' என்று யாராவது சொன்னாலும் எனக்குச் சம்மதமே.