புதுப்பிப்பு: ஹேண்டிலைத் திருப்பினால் ஃபியூஸ் போவது ஏன்?

கூடுதல் விளக்கு போட்ட பைக்கில், ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் ஃபியூஸ் போகிறது என்று கேட்டிருந்தேனே, காரணம் கிடைத்துவிட்டது. ஸ்டீயரிங் கழுத்தருகே ஒயரை ஃபிரேமோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். திருப்பும்போதெல்லாம் விளிம்பில் உரசி, இன்சுலேஷன் தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பி பைக்கின் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது.

டேப் மட்டும் சுற்றினால் சூட்டில் பசை இளகிவிடும். தேய்ந்த துண்டை வெட்டி, 1 சதுர மி.மீ. ஒயரை கிரிம்ப் செய்து (உலோக இணைப்பானை நசுக்கி இணைத்து), ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போட்டு, மேலே நெளிகுழாய் மாட்டியாயிற்று. ஹேண்டிலை இருபக்கமும் கடைசிவரை திருப்பி, இழுபடாத அளவு தொய்வு விட்ட பிறகுதான் டை (பிளாஸ்டிக் கட்டு) போட்டேன்; அதுவும் வளைவின் இருபுறமும், வளைவிலேயே அல்ல.

இரண்டு 20 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள். 15 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொன்னவர்களுக்கு: ஃபியூஸ் காப்பது ஒயரை, விளக்கை அல்ல.