சவுதி வேலைக்கு ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: தம்பி எட்டாவது வரைதான் படித்தான். ஈசிஆர் பாஸ்போர்ட் (சவுதி போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்). ரியாத்தில் வெல்டர் வேலை என்கிறார்கள். அம்மா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

பதில் 1: முதலில் அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். அவருடைய உரிமம் செல்லுமா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள்.

பதில் 2: 2009-ல் நானும் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். முதல் பதினான்கு மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே போனது. வீட்டு ஓடு மாற்றக்கூட மிஞ்சவில்லை. ஊருக்கு வந்திருக்க வேண்டிய காசு அது!

பதில் 3: விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா என்ற அரசுக் காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் வரை உண்டு.

கேட்டவர்: ரசீது தருவீர்களா என்று ஏஜென்டிடம் கேட்டேன் அண்ணா. போனை வைத்துவிட்டார்.