டெபியன் 12 நிறுவல்: எஸ்எஸ்டி தெரியவில்லை, வைஃபை இல்லை, லேன் 100-ஐத் தாண்டவில்லை

மருதாணி (கேள்வி)

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் டெபியன் 12 (லினக்ஸ்) போடப் பார்க்கிறேன். இன்டெல் 9ஆம் தலைமுறை பிராசஸர், எம்.2 ஸ்லாட்டில் 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் இன்டெல் ஏஎக்ஸ்200 வைஃபை கார்டு, மதர்போர்டோடு வந்த ரியல்டெக் லேன். பென்டிரைவிலிருந்து லைவ் டெபியன் (நிறுவாமலே ஓடுவது) நன்றாகவே பூட் ஆகிறது. ஆனால் இன்ஸ்டாலரில் டிஸ்க் தேர்வு செய்யும் பக்கத்தில் பென்டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, எஸ்எஸ்டியைக் காணோம். நெட்வொர்க் மெனுவில் வைஃபை என்ற வரியே இல்லை; விண்டோஸில் அதே கார்டு ஒழுங்காக ஓடுகிறது. கேபிள் செருகினால் நெட் வருகிறது, ஆனால் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறது. ரூட்டர் கிகாபிட் ரூட்டர்தான்.

செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட பூட் நிரலை மட்டும் அனுமதிக்கும் பயாஸ் அமைப்பு) அணைத்துப் பார்த்தாயிற்று. ஐஎஸ்ஓவை (நிறுவல் கோப்பு) புதிதாக இறக்கி எழுதியும் பார்த்தாயிற்று. விண்டோஸை முழுக்க அழித்துவிட்டுப் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். சி டிரைவில் பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறது. அழிக்காமல் முடிக்க வழி உண்டா?

வடகலம்

அழிக்கவே வேண்டாம். அழித்தாலும் எஸ்எஸ்டி தெரியப் போவதில்லை, ஏனென்றால் அதை மறைத்து வைத்திருப்பது விண்டோஸ் அல்ல, பயாஸ்.

லைவில் டெர்மினலைத் திறந்து சூடோவோடு (அட்மின் உரிமையோடு) டிமெசெக் (கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, "ரீமேப்ட்" என்ற சொல்லைத் தேடுங்கள். "ஃபவுண்ட் 1 ரீமேப்ட் என்விஎம்இ டிவைசஸ்" என்று ஒரு வரியும், அதற்கு அடுத்ததாக "ஸ்விட்ச் யுவர் பயாஸ் ஃப்ரம் ரெய்ட் டு ஏஹெச்சிஐ மோட்" என்று ஒரு வரியும் இருந்தால் விஷயம் முடிந்தது. சாட்டா கன்ட்ரோலர் இன்டெல் ஆர்எஸ்டி (பல டிரைவை ரெய்டாக ஒன்றுசேர்க்க உதவும் இன்டெல் வசதி) மோடில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மோடில் என்விஎம்இ டிரைவ் சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எல்எஸ்பிசிஐ (பிசிஐ சாதனங்களைக் காட்டும் கட்டளை) பட்டியலில்கூடத் தனியாக வராது. லினக்ஸ் கெர்னல் அதைப் பார்க்கிறது, பயன்படுத்த முடியவில்லை, அதனால்தான் பரிகாரத்தையும் சேர்த்தே எழுதிவைக்கிறது.

பயாஸில் ஏஹெச்சிஐ-க்கு (ரெய்ட் இல்லாத சாதாரண மோட்) மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் இப்போது ஆர்எஸ்டி டிரைவரை வைத்து பூட் ஆகிறது. மோடை மட்டும் மாற்றினால் "இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வரும். வரிசை இதுதான்:

முதலில் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேப்பரிலோ ஃபோனிலோ இருக்க வேண்டும், அதே கணினியில் இருந்து பயனில்லை. அடுத்து, அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, மேனேஜ்-பிடிஇ கட்டளையால் சி டிரைவின் ப்ரொடெக்டர்களை (பிட்லாக்கர் காவலை) டிஸேபிள் செய்யுங்கள். அதில் ரீபூட் கவுன்ட் 0 என்று கொடுப்பது முக்கியம். கொடுக்காவிட்டால் ஒரே ஒரு ரீஸ்டார்ட்டோடு காவல் திரும்ப வந்துவிடும். நமக்கு இங்கே ஒன்றுக்கு மேல் தேவை.

பிறகு எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் பூட் அமைப்புக் கருவி), பூட் டேப், சேஃப் பூட், மினிமல். ரீஸ்டார்ட் செய்து நேரே பயாஸுக்குள் போய், சாட்டா மோடை ஏஹெச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டுக்குத் தனியாக "ஆர்எஸ்டி கன்ட்ரோல்ட்" என்று ஒரு அமைப்பு இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். விண்டோஸ் சேஃப் மோடில் எழும். அப்போதே ஏஹெச்சிஐ மற்றும் என்விஎம்இ டிரைவரைத் தானாக எடுத்துக்கொள்ளும். எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பரை ஏற்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு டிரைவை உண்மையிலேயே ரெய்டாகக் கட்டியிருந்தாலோ, ஆப்டேன் கேஷ் மாட்யூல் இருந்தாலோ இதைச் செய்யக் கூடாது, தரவு போய்விடும். நீங்கள் சொன்னபடி ஒரே டிரைவ் என்றால் பயமில்லை.

செக்யூர் பூட்டை அணைத்திருக்க வேண்டியதே இல்லை. 2019-ல் வந்த டெபியன் 10 முதல் அது ஆன் ஆக இருந்தாலே பூட் ஆகும். திரும்ப ஆன் செய்துவிடுங்கள். அது மாறினாலும் பிட்லாக்கர் கீ கேட்கும்.

தந்திமரம்

வைஃபைக்கு வருகிறேன். டெபியன் 12-ன் ஐஎஸ்ஓவில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் நிரல்) கோப்புகள் சேர்ந்தே வருகின்றன. 11 வரைக்கும் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவில் அவை கிடையாது, அதனால்தான் இணையத்தில் பாதிப் பதில்கள் "ஃபர்ம்வேர் இறக்குங்கள்" என்றே இருக்கும். உங்களுக்கு அது பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

டிமெசெக்கில் "ஐடபிள்யூஎல்வைஃபை" (இன்டெல் வைஃபை டிரைவரின் பெயர்) என்று தேடி, தோல்விக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். அந்த எண்தான் எல்லாம். -2 என்றால் கோப்பு இல்லை. -110 என்றால் நேரம் கடந்துவிட்டது, அதாவது கோப்பு இருக்கிறது, கார்டுதான் பதில் சொல்லவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு.

-2 வரிகளைப் பார்த்தவுடன் பதற வேண்டாம். இந்த டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். கிடைக்காத ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு -2 வரி விழும். கடைசியில் "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" என்று ஒரு வரி வந்திருந்தால் முன்னால் வந்தவை ஒன்றும் பிரச்சினை இல்லை.

அதோடு ஆர்எஃப்கில் லிஸ்ட் (வயர்லெஸ் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் கட்டளை) வெளியீட்டையும் போடுங்கள்.

மருதாணி

நன்றி இருவருக்கும். "ரீமேப்ட்" வரி அப்படியே இருந்தது. வடகலம் சொன்ன வரிசையில் செய்தேன். விண்டோஸ் ஏஹெச்சிஐ மோடில் எழுந்தது, லைவில் என்விஎம்இ0என்1 என்று எஸ்எஸ்டியும் வந்துவிட்டது.

வைஃபை: "லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்" வரி இருக்கிறது. அதன்பின் "ஃபெயில்ட் டு ஸ்டார்ட் ஆர்டி யூகோட்: -110". ஆர்எஃப்கில் பட்டியலில் புளூடூத் மட்டும் இருக்கிறது, பிளாக் எதுவும் இல்லை.

தந்திமரம்

அப்படியானால் இது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அது ஆன் ஆக இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் போகிறது. வைஃபை கார்டும் விண்டோஸ் டிரைவர் விட்டுவிட்டுப் போன நிலையிலேயே இருக்கும், லினக்ஸ் கூப்பிட்டால் எழாது.

சோதிப்பது எளிது. விண்டோஸில் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, அப்படியே பென்டிரைவில் பூட் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டுக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பொருந்தாது. வைஃபை வந்துவிட்டால் காரணம் உறுதி. நிரந்தரமாக அணைக்க, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி-யில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் இதுவும் சேர்ந்து போகும்.

வரவில்லை என்றால் கணினியை அணைத்து, பவர் கார்டைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அணைத்த பிறகும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஸ்டேண்ட்பை மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுக்கும் அது போகும். அது முழுதாக வடிந்தால்தான் கார்டு புதிதாக எழும்.

வைஃபை வந்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தே வையுங்கள். உறக்கத்தில் இருக்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்ட்டிஷனை லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் கெடும்.

சுடுநீர்

லேன் 100-ல் நிற்பது டிரைவர் கோளாறு. கெர்னலில் இருக்கும் ஆர்8169 டிரைவரை எடுத்துவிட்டு, ஆர்8168 டிகேஎம்எஸ் (கெர்னலுக்கு வெளியே தனியாகக் கட்டப்படும் டிரைவர்) பேக்கேஜைப் போடுங்கள். எத்டூலில் (லேன் அமைப்பைப் பார்க்கும், மாற்றும் கட்டளை) ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் பேசி வேகத்தை முடிவு செய்வது) ஆஃப் செய்து 1000 என்று கட்டாயப்படுத்தலாம்.

வடகலம்

சுடுநீர், அந்த வைத்தியம் இங்கே வேண்டாம் என்பேன். செம்புக் கேபிளில் கிகாபிட் ஓட ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். இரு முனைகளில் யார் கடிகாரத்தைத் தருவது என்பதையே அதில்தான் பேசி முடிவு செய்கின்றன. அதை அணைத்தால் 1000 கிடைக்காது, இருக்கும் லிங்க்கும் போகலாம். டிகேஎம்எஸ் மாட்யூல் போட்டால் செக்யூர் பூட்டில் தனிச் சாவி பதிவுசெய்கிற வேலை வேறு சேரும். கெர்னலோடு வரும் டிரைவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மருதாணி, முதலில் கேபிளைப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும்: ஆர்ஜே45 பிளக்கில் 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே 4, 5, 7, 8-ல் ஒன்று அறுந்திருந்தாலும் நெட் ஓடும், வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடும். இதனால்தான் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை.

பிளக்கைத் தாழ்ப்பாள் கீழே இருக்கும்படி, கேபிள் உங்கள் பக்கம் வரும்படி பிடித்து, கண்ணாடி போன்ற உடலுக்குள் இடமிருந்து வலமாகப் பாருங்கள். பி வரிசை (டி568பி என்ற வண்ண வரிசை) என்றால் ஆரஞ்சுக் கோடு போட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக் கோடு வெள்ளை, நீலம், நீலக் கோடு வெள்ளை, பச்சை, பழுப்புக் கோடு வெள்ளை, பழுப்பு. எட்டுக் கம்பியின் நுனியும் பிளக்கின் முன்சுவரில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு நுனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தால் செப்புப் பல் அதைக் கடித்திருக்காது. மலிவான சில கேபிள்களில் உள்ளே நான்கே கம்பிதான் இருக்கும், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கண்ணால் தெரியாவிட்டால் எத்டூலை நிறுவி, லேன் இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுத்து ஓடவிடுங்கள். "லிங்க் பார்ட்னர் அட்வர்டைஸ்ட்" பகுதியில் 1000பேஸ்டி இருக்கிறதா? இருந்தும் "ஸ்பீட்" 100 என்றால் ரூட்டர் கிகாபிட் தரத் தயார், நடுவில் இருப்பதுதான் குறை. அங்கே 1000 இல்லவே இல்லை என்றால் ரூட்டரின் அந்தப் போர்ட்டே 100 ஆக இருக்கும், வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். டிமெசெக்கிலும் "டவுன்ஷிஃப்ட் அக்கர்ட்... செக் கேப்ளிங்" என்று ஒரு வரி விழுந்திருக்க வாய்ப்பு உண்டு.

மருதாணி

வைஃபை வந்துவிட்டது, ரீஸ்டார்ட் செய்த உடனேயே. டவுன்ஷிஃப்ட் வரியும் இருக்கிறது. பார்ட்னர் பக்கம் 1000 காட்டுகிறது. ரூட்டர் முனையில் பழுப்புக் கம்பி பின்வாங்கி நிற்கிறது. கேட் 5இ கேபிள் வாங்கினால் போதுமா, கேட் 6 வேண்டுமா? டெபியனுக்கு இடம் ஒதுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

வடகலம்

கிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரை கேட் 5இ போதும். மாற்றிய பிறகு வீட்டுக்குள் வேறொரு கிகாபிட் கணினிக்குப் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள்: 100-ல் விநாடிக்கு 11, 12 எம்பி தாண்டாதது 110-ஐ ஒட்டி வர வேண்டும்.

சி டிரைவைச் சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள்; பிட்லாக்கர் போட்ட பார்ட்டிஷனை டெபியன் இன்ஸ்டாலரால் சுருக்க முடியாது. காலியாகும் இடத்தை அங்கே ஃபார்மேட் செய்யாமல் விடுங்கள். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியாக வந்தால், யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) என்று முன்னொட்டு உள்ளதையே எடுங்கள். பார்ட்டிஷன் பக்கத்தில், இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பயன்படுத்துங்கள், ஃபார்மேட் டிக் அதில் இருக்கவே கூடாது; விண்டோஸின் பூட் கோப்புகள் அங்கேதான் கிடக்கின்றன.

முடிந்து பார்த்தால் கிரப் (எந்த இயங்குதளம் என்று கேட்கும் பூட் நிரல்) மெனுவில் விண்டோஸ் வராமல் இருக்கலாம். டெபியன் 12-ன் கிரப், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை இயல்பாக ஓட்டுவதில்லை. இடிசி-க்குள் டீஃபால்ட் கோப்புறையில் உள்ள கிரப் கோப்பில், டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர் ஃபால்ஸ் என்ற வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு, சூடோவோடு அப்டேட்-கிரப் ஓடவிடுங்கள்.

தந்திமரம்

கூடவே ஒன்று: விண்டோஸ் ஒழுங்காக பூட் ஆவதைப் பார்த்த பிறகு, மேனேஜ்-பிடிஇயில் ப்ரொடெக்டர்களை எனேபிள் செய்ய மறக்காதீர்கள். ரீபூட் கவுன்ட் 0 கொடுத்ததால் அது தானாகத் திரும்பாது. கிரப் வழியாக விண்டோஸுக்குள் போகும்போது பிட்லாக்கர் கீ கேட்டுக்கொண்டே இருந்தால், பயாஸின் பூட் மெனுவிலிருந்து விண்டோஸ் பூட் மேனேஜரை நேரே தேர்ந்தெடுத்துப் போங்கள்.