உயரமான ஜன்னலில் கோடு விழுகிறது, என்ன செய்வது?

நண்பர்களே, மாடிப்படிக்கு மேலுள்ள ஜன்னலை நீளும் கம்பில் ரப்பர் வைப்பரை மாட்டித் துடைக்கிறேன். ஏணி வைக்க அங்கே இடமில்லை. கீழ்ப்பாதி பளிச்சென்று இருக்கிறது. மேல்விளிம்பில் மட்டும் விரல் அகலத்துக்கு நீர் தங்கி, பிறகு மெல்ல வழிந்து நீளமாகக் கோடு போடுகிறது.

வாளி நீருக்குச் சில துளி பாத்திரம் கழுவும் திரவம்தான் கலக்கிறேன். வெயில் விழுந்தால் நீர் சட்டென்று காய்ந்து தடம் பதியும் என்பதால் காலையிலேயே துடைத்துவிடுகிறேன். ரப்பரிலும் வெட்டு இல்லை. கம்பு முழுதாக நீண்டதும் வளைகிறது. ரப்பரின் ஒரு முனை கண்ணாடியை விட்டு எழும்புவது கீழிருந்தே தெரிகிறது.

நுனியில் சாய்வை மாற்றும் மூட்டு பொருத்தினால் சரியாகுமா? அல்லது மேல்விளிம்பை முதலில் குறுக்காக ஒருமுறை இழுத்துவிட்டு இறங்க வேண்டுமா? பழகியவர்கள் சொல்லுங்கள். அம்மா அந்த வெளிச்சத்தில்தான் தினமும் படிக்கிறார்.